களை எடுக்க ஆள் வராத வருஷம்

தங்கையின் தக்காளிச் செடிகளைப் பார்த்த மாத்திரத்தில் பெரியவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எதிலும் அவளுக்கு அப்படித்தான். மாடு ஏன் பால் குறைக்கிறது, மழை ஏன் தள்ளிப்போகிறது, அடுத்த தெருப் பெண் ஏன் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள், எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் வரும். அதில் பாதிக்கு மேல் சரியாகவும் இருந்துவிடும். வினையே அதுதான்.

வலைக்குடிலுக்குள் வரிசை வரிசையாக இடுப்புயரச் செடிகள் நின்றன. அடியிலைகள் நன்றாகத்தான் இருந்தன. கோளாறெல்லாம் நுனியில். கொழுந்து இலைகள் விரிய மாட்டேன் என்று உள்பக்கமாகச் சுருண்டு கிடந்தன. தண்டு, யாரோ கழுத்தைப் பிடித்துத் திருகிய மாதிரி வளைந்திருந்தது. பூத்த செடிகளில் பூ நிற்கவில்லை. சின்னவள் ஒவ்வொரு செடியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். அழுது முடித்துவிட்டுத்தான் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“பூச்சி இல்லக்கா. இலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். தண்ணியும் சரியாத்தான் போகுது. உன் வீட்டு எருதான் போட்டிருக்கேன், வழக்கம்போல. என்னன்னே புரியல.”

“புரியறதுக்கு என்ன இருக்கு? இது நோய். கையால ஒட்டற நோய்.”

“கையாலயா?”

“சிகரெட் பிடிச்ச கையைக் கழுவாம செடியைத் தொட்டா வரும். புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பத்துச் செடி, அதோட நோய் இதுக்கும் ஒட்டும்னு நீதானே பயிற்சிக்குப் போய்ட்டு வந்து எனக்குச் சொன்னே?”

சொன்னது சின்னவள்தான்.  “அவருதான் சிகரெட்டை விட்டுட்டாரேக்கா” என்றாள் மெதுவாக.

“விட்டாரு. நீ கூடவே போய்ப் பாத்தியா?”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. வெளியே தெரியாத சின்னச் சந்தோஷம். இருந்தது என்னவோ உண்மை.

தங்கையின் புருஷனுக்கு அவள் வைத்த பெயர் இன்ஜின். தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றித் தருகிற கடை வைத்திருந்தான். அதோடு வாயிலிருந்து புகை ஓயாது. கல்யாணமான புதிதில் அவன் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும், “இன்ஜின் வருது, கேட்டைப் போடுங்க” என்று வீடே கேட்கச் சொல்வாள். அவனும் சிரித்துவிட்டு உள்ளே வருவான். ஊரில் பாதிப் பேருக்கு இப்போது அவனுடைய சொந்தப் பெயரே மறந்துபோய்விட்டது. பெரியவள் தேடிப்பிடித்துக் கொண்டுவந்த நல்ல வரனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சின்னவள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவன் அவன். அந்த வரன் இன்று என்ன நிலையில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பெரியவளுக்கு மட்டும் அந்தக் கோபம் ஆறவே இல்லை.

இந்தக் கதைக்கு ஆரம்பம் ஒரு களைச்செடி.

பெரியவளுக்குப் பன்னிரண்டு ஏக்கர் மேய்ச்சல் நிலம். அவள் புருஷன் பஸ் டிரைவர், விடியுமுன் வண்டியை எடுக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நிலமும் மாடுகளும் முழுக்க முழுக்க அவள் பொறுப்பு. அந்த நிலத்தில் எங்கிருந்தோ பார்த்தீனியம் வந்து இறங்கியது. முதல் வருஷம் வேலியோரம் நாலு செடி. “பூ அழகா இருக்கே” என்றுகூடச் சொன்னாள். அடுத்த வருஷம் புல்லைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. மாடு அதை விரும்பித் தின்னாது, ஆனால் புல்லோடு புல்லாக வாய்க்குள் போய்விடும். போனால் பால் கசக்கும். பால் வாங்குகிறவர்கள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு வேறு வீட்டில் வாங்கத் தொடங்கினார்கள்.

அந்தச் செடியை ஒழிக்க வேண்டுமென்றால் மழை பெய்து மண் இளகியதும், பூ எடுப்பதற்கு முன்னால், வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். தோலில் பட்டால் தடித்துவிடும். அரிவாளால் அறுத்தால் அடியிலிருந்து கிளைத்து, இன்னும் நாலு பங்கு பூக்கும். அதனால் மழை விட்ட வாரத்தில் ஒரு விடுமுறை நாள் பார்த்துக் குடும்பமே இறங்குவது வழக்கம். பெரியவள், டிரைவர், சின்னவள், இன்ஜின். நாலு பேரும் ஒரே வரிசையில் குனிந்து நிலத்தைக் கடப்பார்கள். டிரைவருக்கு அந்தச் செடி ஆகவே ஆகாது. மாலைக்குள் கழுத்தெல்லாம் சிவந்து, சொறிந்துகொண்டே ஸ்டியரிங் பிடிப்பார். அப்படியும் வருவார்.

போன மழைக்கு அப்படிக் களை எடுத்துக்கொண்டிருந்தபோது, இன்ஜின் வேலிப்பக்கம் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்தான். காலையிலிருந்து குனிந்த முதுகு, ஐந்து நிமிஷம் உட்கார்ந்தான், அவ்வளவுதான். பெரியவளுக்கு அன்று என்னவோ எல்லார்மேலும் எரிச்சல். “களையைப் பிடுங்க வந்தியா, நீயும் ஒரு களையா வந்து குந்தியிருக்கியா?” என்று கேட்டுவிட்டாள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னவள் முகம் செத்துப்போனது. இன்ஜின் சிகரெட்டை மண்ணில் தேய்த்து அணைத்தான், கையுறையைக் கழற்றி மடித்து வைத்தான், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு பெரியவள் வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை.

இந்த வருஷம் மழை வந்தது. ஆள் வரவில்லை. “அவரு வரலைன்னா நான் மட்டும் எப்படிக்கா வந்து நிக்கறது?” என்றாள் சின்னவள். டிரைவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பெரியவள் ஒண்டியாக இரண்டு நாள் பிடுங்கிப் பார்த்தாள். பிடுங்கிய இடம் ஒரு பாய் விரிக்கிற அளவு, மிச்சம் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பூ. மூன்றாம் நாள் குளித்துத் தலைசீவி மருந்துக்கடைக்குப் போனாள்.

பயிர் மருந்து விற்கிற அந்தக் கடைக்காரர் நிதானமான மனிதர். ஒன்றைச் சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். பெரியவளுக்கு அந்தத் துடைப்பதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

“இது அகல இலைச் செடியை மட்டும் கொல்லும்மா. புல்லுக்கு ஒண்ணும் ஆகாது.”

“மாட்டுக்கு?”

“மாட்டுக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரு விஷயம், அந்தப் புல்லைத் தின்ன மாட்டோட...”

“மாட்டுக்கு ஆகாதுல்ல? அது போதும். பாக்கியெல்லாம் எனக்குத் தெரியும். எத்தனை வருஷமா மாடு வெச்சிருக்கேன், எனக்கே பாடமா?”

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார். அவரும் எத்தனை பேரோடுதான் மல்லுக்கு நிற்பார்?

மருந்து சொன்னபடி வேலை செய்தது. பார்த்தீனியம் முறுக்கிக்கொண்டு, வெளுத்து, கரிந்தது. புல் மட்டும் பச்சைப்பசேல் என்று எழுந்தது. பாலில் கசப்பு போனது. வழியோடு போகிறவர்கள் நின்று, “என்ன, நிலத்தைச் சீவிச் சிங்காரிச்சு வெச்சிருக்கீங்க!” என்றார்கள். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. மாடுகள் அந்தப் புல்லைத் தின்றன, சாணி போட்டன. அந்த எருவில் பெரும்பங்கை டிராக்டரில் ஏற்றி, வருஷா வருஷம் செய்வதுபோல், தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். தங்கைக்கு அவள் சும்மா கொடுக்கிற சீர் அது. சின்னவளின் தக்காளி கடைத்தெருவில் பேர் வாங்கினால், “எல்லாம் என் வீட்டு எரு” என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஒரு பெருமை.

இதெல்லாம் தக்காளி நடுவதற்கு முந்தைய கதை. அதில் இன்ஜினின் சிகரெட் எங்கேயும் இல்லை. ஆனால் பெரியவள் தீர்ப்புச் சொன்ன அன்று இதில் ஒன்றையும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

சின்னவள் வீட்டில் அன்று மாலையே தொடங்கியது. முதலில் குடிலுக்குள் நுழையாதே என்றாள். அவன் நுழையவில்லை. பிறகு சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாள், கடைக்குப் போய் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் கிடைக்காததே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. அப்படியென்றால் எங்கேயோ பக்கத்துக் கடையில் நின்று பிடித்துவிட்டு வருகிறான். மகள் படிக்க வெளியூர் போயிருந்தாள், வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் மற்றவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஒரு ராத்திரி பேச்சு முற்றி, அவன் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு கடைக்குப் படுக்கப் போனான். மறுநாளும் போனான்.

“தொலையட்டும் விடு. கொஞ்சநாள் கடையில கிடந்தா புத்தி வரும்” என்றாள் பெரியவள் போனில்.

சின்னவள் செடிகளையெல்லாம் பிடுங்கி எரித்தாள். கயிறு, குச்சி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுக் கழுவினாள். மறுபடி நாற்று வாங்கி நடப்போவதாகச் சொன்னாள். ஒரு தடவை போனால் தாங்கலாம், இந்தத் தடவையும் போனால் குடிலைப் பிரித்து விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்த வாரம்தான் பெரியவள் தன் வீட்டுப் பின்சுவரில் ஏற்றிவிட்டிருந்த அவரைக்கொடியைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், தினம் பார்ப்பதுதான். அன்றுதான் கண்ணில் பட்டது. கொடியின் நுனி விரியாமல் சுருண்டு, கிண்ணம்போல் குவிந்து, தண்டு திருகிக்கொண்டிருந்தது. அதே சுருட்டல். அதே திருகல்.

அவள் அப்படியே நின்றாள். டிரைவருக்குச் சிகரெட் நாற்றமே ஆகாது. இன்ஜின் இந்தப் பக்கம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கொடியைத் தொட்ட கை அவள் கை ஒன்றுதான். அடியில் போட்டது இரண்டு கூடை எரு. 

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து முடிக்கும்வரை இந்தத் தடவை அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

“அதைத்தானேம்மா அன்னிக்குச் சொல்ல வந்தேன். மருந்து புல்லுல தங்கும். புல்லைத் தின்னா மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது, அப்படியே சாணியில வந்துடும். அந்தச் சாணியைத் தக்காளி, அவரை, கத்தரி எதுக்கும் போடக் கூடாது. துளி இருந்தாலே போதும், நுனி சுருண்டுடும்.”

“மக்கின எருகூடவா?”

“மக்கினாலும் மருந்து சீக்கிரம் போகாது. மண்ணுல கலந்துட்டா ஒரு வருஷம், சில இடத்துல அதுக்கு மேலயும் ஆகும். மக்காச்சோளம் போடலாம், அது புல் ஜாதி.” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “எங்கயாச்சும் போட்டுட்டீங்களா?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

“சந்தேகம்னா ஒரு தொட்டியில அந்த எருவும் மண்ணும், இன்னொண்ணுல வெறும் மண்ணு. ரெண்டுலயும் அவரை விதை போட்டுப் பாருங்க. அதுவே சொல்லிடும்.”

அவள் ஓட்டை வாளி இரண்டை எடுத்து அப்படியே செய்தாள். ஆனால் இதை இங்கே சொல்லாமல் விட முடியாது: அவளுக்குச் சோதனை தேவைப்படவில்லை. கடையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. விதை முளைத்து இலை விடுகிறவரை வாயைத் திறக்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதற்குத்தான் அந்த வாளிகள். எத்தனையோ பேரைப் பார்த்து, “தப்புப் பண்ணினா ஒத்துக்கணும், அதுல என்ன வெட்கம்?” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள், தன் முறை வந்ததும் வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன புதுசா தொட்டியெல்லாம்?” என்றார் டிரைவர். அவரிடம் மட்டும் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டார்.

“நிச்சயமாத் தெரியட்டும்னு பாக்கறேன்.”

“அந்த ஆளு கடையில படுத்துக் கிடக்கான்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவர் ஜாஸ்தி பேசுகிற மனிதர் இல்லை.

வாளியில் விதை முளைப்பதற்குள் சின்னவளுக்கு நாற்று வந்து இறங்கிவிட்டது. போன் வந்தது. பெரியவள் போனாள். போகாமல் எப்படி இருப்பது? குடிலுக்குள் பாத்திகள் தயாராக இருந்தன. குவியலில் மிச்சமிருந்த எருவையும் சின்னவள் கலந்து கொத்திவிட்டிருந்தாள். “இந்தத் தடவை ரெண்டு பங்கு போட்டிருக்கேன்க்கா, நல்லா வேர் பிடிக்கட்டும்னு” என்றாள்.

பெரியவள் வாயைத் திறந்தாள். “இந்தத் தடவை வேணாம்டி, கொஞ்சநாள் ஆறப்போட்டு...” என்று ஆரம்பித்தாள்.

“ஆறப்போட எனக்கு நேரம் இருக்காக்கா?”

அவ்வளவுதான். மென்று முழுங்கிவிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்து, தங்கையோடு சேர்ந்து ஒவ்வொரு நாற்றாக நட்டாள். குழி பறித்து, நாற்றை நிறுத்தி, இரண்டு கட்டைவிரலாலும் மண்ணை அழுத்தினாள்.  நூற்றுக்கணக்கான நாற்றுகள், ஒவ்வொன்றும் செத்துப்போகும் என்று தெரிந்தே நட்டாள். வேலை முடிந்ததும் சின்னவள் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீ மட்டும் இல்லேன்னா நான் என்னக்கா ஆகியிருப்பேன்?” என்றாள். பெரியவள் டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டாள்.

வாளிகள் சொல்லவேண்டியதைச் சொல்லின. வெறும் மண்ணில் அவரை நிமிர்ந்து நின்றது, எருவில் சுருண்டது. அதற்குப் பிறகும் ஒரு நாள் கடத்தினாள். மறுநாள், முதலில் அந்த ஆளிடம் சொல்லிவிடலாம், அவன் வாயால் தங்கைக்குப் போகட்டும் என்று ஒரு கோழைத்தனமான கணக்குப் போட்டுக்கொண்டு மோட்டார் கடைக்குப் போனாள்.

கடை ஒற்றை அறை. தரையெல்லாம் அறுந்த கம்பித் துணுக்குகள், வார்னிஷ் வாசனை. மூலையில் சுருட்டிவைத்த போர்வை, அதன்மேல் ஒரு தலையணை. இன்ஜின் ஸ்டூலில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் பதறி எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“வாங்கக்கா. மோட்டார் ஓடலையா?”

“ஓடுது.” அவள் உட்கார்ந்தாள். மேசைமேல் ஒரு டப்பாவில் கிராம்பு இருந்தது. அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். சிகரெட்டுக்குக் கை போகிறபோதெல்லாம் அதைத்தான் மெல்லுவான் போலிருக்கிறது.

“எப்ப விட்டீங்க?” அவனை ‘நீங்க’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கே விநோதமாக இருந்தது.

“களை எடுத்தோமே, அன்னிக்கு. நீங்க சொன்னது சரின்னு பட்டுது.” அதில் குத்தல் எதுவும் இல்லை. “ஆனா அவகிட்ட ஒத்துக்கிட்டேன்க்கா, போன வாரம்.”

“எதை?”

“நான்தான் திருட்டுத்தனமா சிகரெட் பிடிச்சிட்டு செடியைத் தொட்டேன்னு.”

“தொட்டீங்களா?”

“இல்லக்கா. எவ்வளவு சொல்லியும் நம்பல. சரி, பண்ணினேன், மன்னிச்சிடுன்னா வீட்டுக்குள்ள விடுவான்னு பாத்தேன். இன்னும் விடல. ஆனா போன் பண்ணினா எடுக்கறா.” அவன் கம்பி முனையை நகத்தால் நீவிவிட்டான். “நீங்க சொன்னா கேப்பா. எப்பவும் நீங்க சொன்னாத்தான் கேப்பா. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

பெரியவளுக்கு அழுகை வந்தது. இவனுக்கு முன்னால் அழுவதா என்று இன்னமும் ஒரு வீம்பு மிச்சமிருந்தது. “சொல்றேன்” என்று எழுந்தாள். கணக்கெல்லாம் தப்பிப்போனது. இதை இவன் வாயில் ஏற்றி அனுப்ப முடியாது. நேரே தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

சின்னவள் குடிலுக்குள்தான் இருந்தாள், நடுப்பாத்தியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து. புதுச் செடிகளின் நுனி இலைகள் சுருளத் தொடங்கியிருந்தன. அவள் திரும்பிப் பார்க்காமலே, “வந்துட்டியா? பாரு. குடிலுக்குள்ள காலே வைக்கல அந்த ஆளு. இப்பவும் வந்திருக்கு. நோய் மண்ணுலயே தங்கிடுச்சு போல” என்றாள். அழக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பெரியவள் நின்றுகொண்டே சொன்னாள். மருந்து, புல், சாணி, எரு. சொல்ல வந்த கடைக்காரரின் வாயைத் தான் அடைத்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

சின்னவள் அக்காவை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்த முகத்தில் இரக்கம் வந்தது. “அவரு உன்கிட்ட வந்து அழுதாரா?” என்றாள்.

“என்னடி?”

“அவருக்காகப் பழியை உன்மேல போட்டுக்கறியேக்கா. உனக்கு அவரைப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். எங்க ரெண்டு பேரையும் சேத்து வைக்கணும்னு இப்படி ஒரு பொய். நீ தப்பா ஒண்ணு பண்ணுவியா? அவரே தன் வாயால ஒத்துக்கிட்டாரு.”

இதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம். “அவரு பண்ணலடி! நீ வீட்டுக்குள்ள விடுவியேன்னு பண்ணாததை ஒத்துக்கிட்டாரு. என் பின்சுவத்து அவரையும் இப்படித்தான் சுருண்டு கிடக்கு. அங்க அவரு வந்து ஒரு வருஷமாச்சு. வா, வந்து பாரு. ரெண்டு வாளியில போட்டு வளத்திருக்கேன், வந்து பாரு.”

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டவில்லை. “வாளியில விதை எப்பப் போட்டே?” என்று கேட்டாள்.

பெரியவள் சுருண்ட நுனி ஒன்றைக் கிள்ளினாள்.

“நாத்து நடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

“அப்ப அன்னிக்கு நட்டப்போ உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அதுக்கு முன்னாடி, சிகரெட்டாலதான்னு சொன்னியே, அன்னிக்கு?”

“அன்னிக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

“தெரியாம எப்படிக்கா அவ்வளவு உறுதியாச் சொன்னே?”

இதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. அதையும் சொல்லிவிட்டால் தங்கை என்று ஒருத்தி தனக்கு மிஞ்சுவாளா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. ஆனால் சொல்லாமல் இருந்ததெல்லாம் போதும் என்றிருந்தது.

“அவராத்தான் இருக்கணும்னு ஆசைப்பட்டேன்டி” என்றாள்.

சின்னவள் திட்டவில்லை. இடுப்பிலிருந்த போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள், காதில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே போனை அக்காவின் கையில் திணித்தாள். “நீயே சொல்லு” என்றாள்.

பெரியவள் வாங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் அவன் அவசரமாக எடுத்தான். அவள் வாயைத் திறப்பதற்குள், எடுத்த எடுப்பில், பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கிற மாதிரி அவன் ஆரம்பித்துவிட்டான்.

“இன்னிக்கும் பிடிக்கலம்மா. காலையிலேர்ந்து ஒண்ணுகூட இல்ல. வேணும்னா பக்கத்துக் கடைக்காரரைக் கேளு. செடி எப்படி இருக்கு? நல்லா இருக்கா? நான் உள்ள வரமாட்டேன், வெளியவே நிக்கறேன். வீட்டுக்கு வரட்டுமா?”

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சின்னவள் அவளுக்கு முதுகைக் காட்டியபடி முதல் வரிசைக்குப் போய்க் குனிந்து, செடிகளை வேரோடு பிடுங்கத் தொடங்கியிருந்தாள்.

“தம்பி, நான்தான் பேசறேன்” என்றாள் பெரியவள்.

மறுமுனையில் குரல் சட்டென்று மாறியது. “அக்காவா? அவகிட்ட சொல்லிட்டீங்களா? ரொம்ப நன்றிக்கா. இந்த உபகாரத்தை நான் மறக்கவே மாட்டேன்” என்றான் அவன்.